ஆலன் வாங்கிய பத்து வெடித் துவக்கு

இந்தக் கோடையின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, கடையைத் திறந்த கையோடு யோகன் வந்து நின்றான். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் என் இறைச்சிக் கடைக்குப் பின்தெருவில் இருக்கிறவன், பஸ் ஓட்டுகிறவன். சட்டைப் பையில் இருந்து ஒரு டிஷ்யூவை எடுத்து என் மேசையில் விரித்தான். உள்ளே, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, நசிந்துபோன ஈயத்துண்டு ஒன்று. "அண்ணை, உங்கட முயலுக்குள்ள கிடந்தது. பல்லுத் தப்பினது பெரிய காரியம். ஊரில செல்லுக்கும் சன்னத்துக்கும் தப்பி ஓடி வந்து, கடைசியில உங்கட கறிக்குள்ள சன்னம் கடிக்கவோ எங்கட விதி?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். கடையில் நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு, கொஞ்சம் ஆட்டிறைச்சியைச் சும்மா கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அவன் போன பிறகு அந்தத் துண்டைக் குப்பையில் போடக் கை வரவில்லை. அதைச் சுட்டது ஆலனின் கைதான். ஆனால் சுட வைத்தது என் வாய்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, லண்டனில் முயல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வரும். நகரத்தை விட்டு ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் எசெக்ஸ் பக்கம் பார்லி வயல்கள். முயல்கள் அந்த வயல்களின் ஓரங்களை மொட்டையடித்துவிடும். கமக்காரர்கள் சுடுவார்கள். சுட்டதை என்ன செய்வது என்று தெரியாமல் பலர் எறிந்தும் விடுவார்கள். எங்கள் ஆட்களுக்கோ முயல் என்றால் நாக்கு நீளும். ஆலன் எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், அப்படியொரு வயலின் சொந்தக்காரர். சந்தையில் பழக்கமாகி, வெள்ளிக்கிழமைக் காலைகளில் ஒரு சின்னப் பெட்டி முயலை என் கடையின் பின்கதவுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். தோலோடு, கால்கள் நீல நூலால் கட்டப்பட்டு வரும். எல்லாம் தலையில் பட்ட வெடி. உரித்தால் உடம்பில் ஒரு கீறல் இருக்காது. சனங்கள் அதற்குத் 'தலைவெடி முயல்' என்று பேர் வைத்து, எனக்கொன்று எடுத்து வையுங்கோ என்று முதல் நாளே சொல்லி வைப்பார்கள்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ஆலன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தபடி நின்றார். மூட்டுவாதம். "இன்னும் கூடுதலாகக் கொண்டு வந்தால் உன் ஆட்கள் எடுப்பார்களா, ஷிவா? இல்லையென்றால் இந்த வருடத்தோடு நிறுத்திவிடலாம் என்று யோசிக்கிறேன்" என்றார். ஆலனின் ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன். நான் உடனே, யோசிக்காமல், எங்கள் வழக்கப்படி சொன்னேன்: "கொண்டு வாங்கோ ஆலன். எவ்வளவு கொண்டு வந்தாலும் எடுப்போம். நோ ப்ரொப்ளம்."

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாருக்கும் இந்த வசனத்தின் பெறுமதி தெரியும். வாசலில் மீன்காரர் வந்து வேணுமோ என்று கேட்டால், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதையில்லை. நாளைக்குக் கொண்டு வாங்கோ, பாப்பம் என்போம். மீன்காரரும் அதை நம்பிக் கடலுக்குப் போவதில்லை. வெறும் சொல்லை வெள்ளைக்காரரும் சொல்வார்கள் என்பது வேறு கதை. வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெண் "ஒரு நாள் கட்டாயம் சாப்பிட வாருங்கள்" என்றதை நம்பி, நானும் மனைவி சாந்தியும் ஒரு பெட்டி மாம்பழத்தோடு அடுத்த சனிக்கிழமையே போய்க் கதவைத் தட்டினோம். இரவு உடுப்போடு நின்ற அந்தப் பெண்ணின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர்களுடைய வெறும் சொல் விருந்தில் இருக்கிறது, எங்களுடையது வியாபாரத்தில் இருக்கிறது. இதை நான் அனுபவித்துப் படித்தவன். அப்படியிருந்தும் ஆலன் என் சொல்லை ஒரு வாக்காக எடுத்துக்கொள்வார் என்று எனக்குப் படவில்லை.

மாரி முடிந்து வந்தபோது ஆலனின் முகம் பத்து வயது குறைந்திருந்தது. புதுத் துவக்கு வாங்கிவிட்டாராம். செமி ஓட்டோமற்றிக். இந்த நாட்டில் நினைத்தவுடன் துவக்கு வாங்க ஏலாது. ஒவ்வொரு துவக்குக்கும் என்ன தேவை என்று பொலிஸுக்குக் காரணம் காட்ட வேண்டும். மான் சுடும் பெரிய ரவைகளுக்குத் தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் துவக்கு அறவே தடை. முயல் சுடும் மிகச் சின்ன ரவைக்கு மட்டும் அனுமதி உண்டு. ஆலன் சொன்ன காரணம் இரண்டு. முதலாவது, பார்லியைத் தின்னும் முயல். இரண்டாவது? "பார்க்கிங்கில் என் நண்பன் ஷிவாவின் ஆட்களுக்கு இறைச்சி கொடுக்கிறேன், அவர்கள் எவ்வளவு என்றாலும் எடுப்பார்கள் என்று சொன்னேன்" என்றார், பெருமையாக. பின்கதவடியில் நின்றுகொண்டு நான் "வெரி குட், வெரி குட்" என்றேன்.

ஒரு மாலை என்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெயில் சாயும் நேரம், வேலியோரப் பற்றைகளில் இருந்து முயல்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். நாங்கள் ஒரு மேட்டில் குப்புறப் படுத்திருந்தோம். பக்கத்தில் டெய்சி, காது தொங்கும் அவருடைய கிழ நாய். பழைய துவக்கில் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும் என்றும், அந்த நோகிற விரல்களால் அதைச் செய்து முடிப்பதற்குள் கண் குறிபார்க்கும் குழாயை விட்டு விலகிவிடும் என்றும் ஆலன் மெதுவாக விளக்கினார். முதல் வெடி பிழைத்து முயல் காயப்பட்டால், அது வளைக்குள் இழுபட்டுப் போய் நாட்கணக்கில் கிடந்து சாகும். புதுத் துவக்கில் கண்ணை எடுக்காமலே அடுத்த வெடியை வைத்து அதன் வேதனையை முடித்துவிடலாம். பத்து ரவை உள்ளே இருக்கிறது. "கிழவனுக்கும் நல்லது, முயலுக்கும் நல்லது" என்றார். அந்த நியாயத்தை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியாது.

ஆனால் அன்றைக்கு வேறொன்றையும் பார்த்தேன். முன்பு ஒரு முயலுக்கு ஒரு வெடிதான் வைக்க முடியும் என்பதால், அது தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும்வரை ஆலன் மூச்சை அடக்கிக் காத்திருப்பாராம். நிற்காவிட்டால் சுடாமலே வீட்டுக்குப் போவாராம். இப்போது அந்தக் காத்திருப்பு இல்லை. முதல் வெடி முதுகில் பட்டது, இரண்டாவது மண்ணில், மூன்றாவதில் முடிந்தது. உடனே துவக்கு அடுத்த முயலுக்குத் திரும்பியது. பெட்டியை நிரப்ப வேண்டுமே. இடையில் ஒன்று பின்காலை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் போனதை நான் கண்டேன். ஆலன் காணவில்லை. சொல்லலாமா என்று யோசித்தேன். விருந்தாளியாகப் போய்க் குறை சொல்வதா என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

டெய்சியையும் கவனித்தேன். பழைய துவக்கின் கைப்பிடியை இழுக்கும் 'சடக்' என்ற சத்தம்தான் அதற்கு அனுமதி. ஆலன் குட்டியிலேயே அப்படிப் பழக்கியிருந்தார். வெடிக்கு அது அசையாது. சடக் என்றால் துவக்கு திறந்துவிட்டது, ஆபத்தில்லை, ஓடிப்போய் முயலைக் கவ்வி வரலாம். புதுத் துவக்கோ ஒவ்வொரு வெடியோடும் தானாகவே சடக் என்கிறது. சத்தம் குறைக்கும் குழாய் பூட்டியிருந்ததால் வெடியைவிட அந்தச் சடக் தான் பெரிதாகக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் டெய்சி எழும்ப, ஆலன் இடது கையால் கழுத்துப் பட்டியைப் பிடித்து இருத்தினார். "புதிதாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்" என்றார். நான் "குட் டோக்" என்று அதன் தலையைத் தடவினேன்.

அன்று திரும்பி வரும்போது காரில் எனக்கு அத்தானின் நினைப்பு வந்தது. இடம்பெயர்ந்து வன்னியில் அக்கா வீட்டில் நான் கிடந்த காலம். அக்காவின் புருசனான அத்தானிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது. குழாய்க்குள் மருந்தும் ஈயமும் போட்டு இடித்து ஒரு வெடி வைத்தால், அடுத்ததற்கு ஒரு சுருட்டுக் குடித்து முடிக்கிற நேரம் வேண்டும். பழையது எல்லாம் புனிதம் என்று நான் எழுத வரவில்லை. அந்த ஒற்றை வெடியும் பிழைக்கும். ஒரு தடவை வயிற்றில் காயப்பட்ட மானைத் தேடி அத்தான் மத்தியானம்வரை காட்டுக்குள் அலைந்தார். கண்டுபிடித்துக் கொண்டு வந்து போட்டுவிட்டு, "இன்னொரு வெடி கையில இருந்திருந்தா இந்தச் சீவன் இவ்வளவு தூரம் பாடுபட்டிருக்காது" என்று சொன்னவரும் அவர்தான். பிறகு ஊர் நிறைய இடம்பெயர்ந்த சனம் வந்து சேர்ந்தது. பெரிய துவக்கு வைத்திருந்த யாரோ காட்டுக்குள் போய் அடுக்கடுக்காகச் சுட்டு, இறைச்சியை வீடு வீடாகக் கொடுத்தார்கள். அத்தான் அதைத் தொடவில்லை. "விழுந்ததைக் கொண்டு வந்திட்டாங்கள். காயத்தோட ஓடினது எத்தினை எண்டு ஆர் பாத்தது?" என்றார். எனக்குப் பசி. நான் என் பங்கையும் சாப்பிட்டு, அவர் தொடாததையும் சாப்பிட்டேன். அந்தப் பசிக்கு இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. ஆனால் இப்போது எனக்கு என்ன பசி?

ஆலனின் பெட்டி இரண்டாகி மூன்றானது. எங்கள் சனங்கள் முயல் விரும்பிகள்தான், அதற்காக நாளும் பொழுதும் முயலா தின்பார்கள்? அவர் கொண்டு வருவதோ வெள்ளிக்கிழமை. அன்றைக்கு என் வாடிக்கையாளரில் பாதிப்பேர் மரக்கறி. நான் பெட்டிகளை வாங்கினேன், காசைக் கொடுத்தேன், உரித்துப் பிறீசருக்குள் போட்டேன். பிறீசர் நிரம்ப, ஆட்டிறைச்சி வாங்கியவர்களுக்கு ஒரு முயலைச் சும்மா கொடுத்தேன். குளிரில் கருகி வெளுத்தவற்றை ஒரு நாள் யாரும் பார்க்காத நேரம் கழிவுத் தொட்டியில் கொட்டினேன். ஒரு சீவனைக் கொன்று, தோல் உரித்து, உறைய வைத்து, எறிந்தேன். பாவம் என்ற சொல்லை நான் அடிக்கடி பாவிக்கிறவனில்லை. அன்றைக்குத் தொட்டி மூடியை மூடும்போது அந்தச் சொல்தான் வந்தது.

"வேண்டாம் எண்டு சொன்னா அந்த மனுசன் உங்களைச் சுடவோ போறார்?" என்று சாந்தி கேட்டாள்.

"பாவம், ஆசையாக் கொண்டு வாறார். என்னண்டு சொல்லுறது?"

"உங்களுக்கு ஒருத்தருக்கும் இல்லை எண்டு சொல்ல வாய் வராது. என்னைப் பொம்பிளை பாக்க வந்த நேரமும் அப்பிடித்தான் ஓம் எண்டு சொன்னீங்களோ?"

அதற்கு நான் என்ன சொன்னாலும் பிழை என்பதால் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். திருவிழா வருகிறது, அதைச் சாட்டாக வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் கோயிலில் கொடியேறினால் மனோர் பார்க்கில் இருந்து பார்க்கிங்வரை முக்கால்வாசி வீடுகளில் மீனும் இறைச்சியும் காய்ச்சுகிற மச்சச் சட்டி கவிழ்ந்துவிடும். இறைச்சிக் கடைக்காரனான நானும் விரதம். அந்த நாட்களில் எனக்கு ஒரு முயலும் வேண்டாம் என்று ஆலனிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஃபோனை எடுத்தேன். கொடியேற்றத்தைப் பற்றி, தேரைப் பற்றி, விரதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்கினேன். கடைசி வசனத்துக்கு வந்தபோது அவர் முந்திக்கொண்டார். "பெரிய திருவிழாவா? அப்படியென்றால் உன் ஆட்கள் நிறையப் பேர் கூடுவார்கள். கவலைப்படாதே, கூடுதலாகவே கொண்டு வருகிறேன்." அவர்களுடைய திருவிழா என்றால் வான்கோழி அல்லவா? நான் திருத்தியிருக்க வேண்டும். "பாப்பம் ஆலன், வீ வில் சீ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் கோயிலில் இருந்து வந்து, நெற்றியில் விபூதியோடு கடையில் நின்றபோது ஃபோன் அடித்தது. ஆலனின் குரல் தேய்ந்திருந்தது. முந்தின நாள் மாலை முயல்கள் நிறைய வந்தனவாம். இரண்டு கையும் துவக்கில் இருந்ததால் கழுத்துப் பட்டியைப் பிடிக்க மறந்துவிட்டாராம். முதல் வெடியோடு சடக் என்றதும் டெய்சி ஓடியது. இரண்டாவது வெடி அதற்குள் போய்விட்டது. முன்கால் எலும்பு நொறுங்கி, மிருக வைத்தியர் காலை எடுத்துவிட்டாராம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "இந்த வாரம் முயல் இல்லை, ஷிவா. அதுவும் உன் திருவிழா நேரம். வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். சட்டியைக் கவிழ்த்துவிட்டுச் சுத்தமான கையோடு விரதம் இருந்த என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போனேன். வருத்தம் பார்க்கப் போகும்போது எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு போவதில்லை. நாய்க்கு எதைக் கொண்டு போவது என்று நான் முழிக்க, சாந்தி பிறீசரில் இருந்து ஒரு முயலை எடுத்து, விரதத்தையும் பாராமல், உப்பும் தூளும் போடாமல் அவித்து, எலும்பு நீக்கிச் சோற்றோடு பிசைந்து தந்தாள். "கொண்டுபோய்க் குடுங்கோ. ஆனா வாயைத் திறந்து சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள்.

டெய்சி குசினிக்குள் ஒரு பாயில் கிடந்தது. ஒரு பக்கம் மயிர் வழித்து, தையல் தெரிந்தது. பெட்டியைத் திறந்ததும் மூன்று காலில் தள்ளாடி எழும்பி வந்து, வாலை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டது. ஆலன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன்.

"ஆலன், எனக்கு அவ்வளவு முயல் தேவைப்படவில்லை. பிறீசர் நிறையக் கிடக்கிறது. கொஞ்சத்தை எறிந்தும் விட்டேன்."

"எப்போதிருந்து?"

"நீங்கள் புதுத் துவக்கு வாங்கினதில் இருந்து. அதற்கு முதலே."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வழி கேட்கிறவர் மாதிரி என்னைப் பார்த்து, "சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, "உன் ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மாலையில் அந்த மேட்டில் படுத்திருக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொள்வேன், இத்தனை வீட்டில் சமைப்பார்கள் என்று" என்றார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் சமையல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தத் துவக்கை விற்றுவிடுங்கள் என்று ஏதோ உளறினேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். "துவக்கில் பிழையில்லை. என் விரல்களுக்கு அது நல்ல துவக்கு. பொறுமையாகச் சுட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பத்து ரவை இருக்கிறது என்பதால் அவசரப்பட்டேன். பெட்டி நிரம்ப வேண்டும் என்பதாலும் அவசரப்பட்டேன்." முதலாவது அவசரம் துவக்குடையது, இரண்டாவது என்னுடையது. அவர் அதைப் பிரித்துச் சொல்லவில்லை, நான் பிரித்துக்கொண்டேன். வாசலில் வைத்து, "பழையபடி ஒரு சின்னப் பெட்டி மட்டும் கொண்டு வருவீர்களா?" என்று கேட்டேன். இந்த முறை உண்மையாகவே கேட்டேன். அவர் வயலைப் பார்த்தபடி சொன்னார்: "வீ வில் சீ, ஷிவா."

தேர் முடிந்து, தீர்த்தம் முடிந்து, சனங்கள் மச்சத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நேற்று யோகன் வந்து, "அண்ணை, தலைவெடி முயல் வருமோ?" என்று கேட்டான்.

"இல்லைத் தம்பி. பிறீசரில கிடக்கிறது பழசு. வேணுமெண்டா சும்மா கொண்டு போ. புதுசு வராது."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "வராட்டியும், பாப்பம் எண்டாவது சொல்லுங்கோவன் அண்ணை. வெள்ளைக்காரன் மாதிரி முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்லுறீங்கள்!" மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் வந்ததும் பின்கதவைத் திறந்து, முயல் தொங்கவிடுகிற இரண்டு கொளுக்கிகளையும் கழுவித் துடைத்தேன். பாப்பம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டுதான், என் சொல்லை அந்த மனிதர் நம்பியதுபோல அவர் சொல்லை நம்பி, கதவைத் திறந்தபடியே வைத்திருக்கிறேன்.